மீட்டரில் ஏறாத மணிநேரம்

  இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கார் கியர்பாக்ஸ். அது ஏன் கெடுகிறது, கெடப்போகிறது என்பதை எப்படி முன்னதாகவே கண்டுகொள்வது, கெடாமல் எப்படிக் காப்பது? இந்த மூன்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே வாதம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் ஒரு கியர்பாக்ஸை அழிப்பது அது கடந்த தூரம் அன்று. அது உழைத்த நேரமும், அந்த நேரம் முழுக்க அதன் எண்ணெய் பட்ட சூடும்தான். தூரத்தைக் காட்ட வண்டியில் மீட்டர் இருக்கிறது. நேரத்தைக் காட்ட எதுவும் இல்லை. காட்டாததை நாம் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கில் எடுக்காததுதான் ஒருநாள் நம்மை நடுச்சாலையில் நிறுத்துகிறது.

ஓர் இயந்திரப் பாகத்தைப் பற்றி மண்டபத்தில் கூடிப் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டும். ஏன் தெரியுமா? மலேசியாவில் கார் கடனை அதிகபட்சம் 9 ஆண்டுகள் வரை கட்டலாம். மாதத் தவணை குறையும் என்று நம் குடும்பங்களில் பலர் அந்த 9 ஆண்டுகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். புரோட்டோனும் பெரோடுவாவும் புதுக் காருக்குத் தரும் உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. அதற்குப் பிறகும் 4 ஆண்டுகள் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த 4 ஆண்டுகளுக்குள் கியர்பாக்ஸ் போனால் என்ன ஆகும்? ஒரு கையால் வங்கிக்குக் கட்ட வேண்டும், மறு கையால் பட்டறைக்குக் கட்ட வேண்டும். எண்ணெய் மாற்ற ஆகும் செலவு சில நூறு வெள்ளி. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து ஓவர்ஹால் செய்தால் பல ஆயிரம் வெள்ளி. சம்பளத்தை நம்பி வாழும் வீட்டில் இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு இல்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதற்குள் இருக்கிறது.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்கு வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நெரிசலில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும் இன்னொருவரின் சராசரி 80 கிலோமீட்டர் என்று வையுங்கள். இருவர் மீட்டரிலும் 40,000 கிலோமீட்டர் ஏறியிருக்கிறது. நெடுஞ்சாலைக்காரரின் கியர்பாக்ஸ் உழைத்தது 500 மணிநேரம். நெரிசல்காரரின் கியர்பாக்ஸ் உழைத்தது 2,000 மணிநேரம். நான்கு மடங்கு! அதோடு போகிறதா? நெடுஞ்சாலை வண்டி பெரும்பாலும் ஒரே கியரில் நிலையாக ஓடுகிறது, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகிறது. நெரிசல் வண்டி நிற்கிறது, நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. ஒவ்வொரு முறையும் கியர் ஏறி இறங்குகிறது. முன்னால் லாரியின் புகை, கீழே கொதிக்கும் தார், மேலே வெயில். இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஒரே கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றுவது நியாயமா?

எண்ணெய்க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். இன்ஜின் எண்ணெயின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு அது நான்கில் ஒரு வேலைதான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் இதழ்கள் பதித்த இரண்டு சக்கரங்கள் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று இன்ஜினோடு சுழல்கிறது, மற்றது கியர்பாக்ஸோடு சுழல்கிறது. நடுவே இருப்பது எண்ணெய். மெதுவாக ஊரும் வேகத்தில் இன்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே அந்த எண்ணெய்தான். கிளட்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதன் அழுத்தம்தான். சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் அதுவே. வண்டி வேகமெடுத்த பிறகு டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளும், அந்த இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான வழுக்கல் நின்றுவிடும். நெரிசலில் அந்தப் பூட்டு பெரும்பாலும் விழுவதில்லை. வழுக்கல் முழுவதும் சூடாக மாறி எண்ணெயில் இறங்குகிறது. சூடு ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் கைக்கணக்கு. எண்ணெய் கெட்டால் அழுத்தம் தளர்கிறது, தட்டு வழுக்குகிறது, வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் சூடேறினால் இன்னும் வழுக்கல். சிவிடி வண்டியில் நிலைமை இதைவிட நுட்பமானது. கூம்பு வடிவமான இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை, இரும்பும் இரும்பும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பைத் தருவதே அதற்கென்று தயாரித்த எண்ணெய்தான். அதில் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றிவிட்டால் பட்டையும் கப்பியும் ஒன்றையொன்று தின்றுவிடும். 2021 மார்ச்சில் அத்திவா காரிலும், அதே ஆண்டு இறுதியில் மைவி காரிலும் பெரோடுவா சிவிடியைக் கொண்டுவந்தது. அதுவரை மைவியில் இருந்தது 4 கியர் ஆட்டோ. வெளித்தோற்றத்தில் இரண்டும் மைவிதான். வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெய் வேறு. பட்டறையில் மூடியைத் திறக்கும் முன் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சூடும் நெரிசலும்தான் எதிரி என்று நான் மட்டுமா சொல்கிறேன்? 2013 நவம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் 7 கியர் டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்சுப் பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. பெட்டியில் இருந்த செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். எதற்காக? வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், அந்த எண்ணெயால் பெட்டியின் மின்பகுதியில் கோளாறு வரக்கூடும் என்பதற்காக. வெப்பம், ஈரம், நின்று நின்று போகும் ஓட்டம்! தயாரித்தவர்களே சொன்ன அந்த மூன்று நிபந்தனைகளும் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் மாலை 6 மணிக்குக் கூடி நிற்கின்றன. இன்னும் ஒரு சான்று உங்கள் கையுறைப் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். பல நிறுவனங்களின் கையேட்டில் பராமரிப்புக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: வழக்கமான பயன்பாடு, கடுமையான பயன்பாடு. ஹூண்டாய் கையேடுகளில் கடுமையான பயன்பாடு எது என்று எழுதியிருக்கிறார்கள். 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெரிசலான இடத்தில் ஓட்டுவதும் அதில் ஒன்று. நம் ஊரில் மதியம் 32 டிகிரியைத் தொடாத நாள் எத்தனை? தயாரிப்பாளர் விதிவிலக்கு என்று எழுதி வைத்திருப்பதுதான் நமக்கு அன்றாடம். ஆகவே நாம் வாசிக்க வேண்டியது முதல் அட்டவணையை அல்ல, இரண்டாவது அட்டவணையை. கையேட்டில் இரண்டாவது அட்டவணை இல்லாவிட்டால், 40,000 கிலோமீட்டரைத் தாண்டவிடாமல் எண்ணெயை மாற்றுவது இந்த ஊருக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். இரண்டையும் நேராகவே எதிர்கொள்வோம். முதல் மறுப்பு: “சர்வீஸ் மையத்திலேயே இந்த எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று சொல்கிறார்களே!” சொல்கிறார்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பெரும்பாலான பெட்டிகள் தாங்கிவிடும், ஆகவே அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் நாம் காரை வைத்திருப்பது 5 ஆண்டுகளுக்கா? கடனே 9 ஆண்டு. கடன் முடிந்த பிறகும் தம்பிக்கோ மகளுக்கோ அதே கார்தான் போகிறது. பதினைந்து ஆண்டு ஓட வேண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது, ஊர் முழுக்கப் பரவியிருப்பதும் இதுதான்: “எண்ணெய் மாற்றிய பிறகுதான் கியர்பாக்ஸ் போனது. பழைய வண்டியில் அதைத் தொடக்கூடாது.” காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. எந்த நிலையில் அந்த எண்ணெயை மாற்றினார்கள் என்று கேளுங்கள். வழுக்கல் தொடங்கிய பிறகு, குலுக்கல் தொடங்கிய பிறகு, எதையாவது செய்தால் சரியாகாதா என்ற நப்பாசையில் மாற்றியிருப்பார்கள். தேய்ந்துபோன தட்டை எந்தப் புது எண்ணெயும் வளர்க்காது. அது போயிருக்கும், எண்ணெய் மாற்றாவிட்டாலும் போயிருக்கும். ஆனாலும் இந்த அச்சத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பல ஆண்டு கவனிக்காத பெட்டியை இயந்திரம் வைத்து வேகமாக அலசினால், அடியில் படிந்த அழுக்கு கிளம்பி வால்வுகளின் நுண்ணிய வழிகளை அடைக்கக்கூடும். அதற்கு வழி, மாற்றாமலே விடுவதா? இல்லை. அடித்திருகைத் திறந்து வடித்தால் பெரும்பாலான பெட்டிகளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் வெளியே வரும்; மீதி டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். வடிந்த அளவு புதிதாக ஊற்றுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அப்படியே செய்யுங்கள், பிறகு மூன்றாம் முறையும். மெல்ல மெல்லப் புது எண்ணெய் பெட்டி முழுவதற்கும் பரவும்.

சரி, அறிகுறிக்கு வருவோம். கியர்பாக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் போவது மிக அரிது. காலையில் ‘டி’யில் போட்டதும் உடனே பிடிக்காமல் ஓரிரு விநாடி தாமதம் காட்டும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் போகும்போது ரோட்டில் பள்ளம் இல்லாமலேயே வண்டி குலுங்கும். நிறுத்துமிடத்தில் சிவப்போ பழுப்போ எண்ணெய்த் துளி கிடக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயை. அளவுக் குச்சி உள்ள வண்டியில், பட்டறைத் தம்பி குச்சியை இழுத்து ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடட்டும். சில நிமிடம் பொறுங்கள். நல்ல எண்ணெய் தெளிவாக, அகலமாகப் பரவும். கெட்ட எண்ணெய் நடுவில் கரும்பழுப்பு வட்டமாக நின்றுவிடும், ஓரத்தில்தான் கொஞ்சம் நிறம் ஓடும். முகர்ந்து பாருங்கள், தீய்ந்த வாடை அடித்தால் தட்டு எரியத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் அது இரும்புப் பொடி. புதிய வண்டிகள் பலவற்றில் குச்சியே இல்லை. கையேடு சொல்லும் வெப்பநிலையில் வைத்து, அளவுத் திருகைத் திறந்துதான் பார்க்க முடியும். குளிர்ந்த வண்டியில் திறந்து பார்த்து “எண்ணெய் குறைவு” என்று சொல்லி ஊற்றினால் அளவு மிஞ்சிப்போகும். மிஞ்சினாலும் நுரைத்துக் கெடும்.

எண்ணெய் நன்றாக இருக்கிறது, ஆனாலும் தூக்கிப்போடுகிறது என்றால்? இங்கேதான் நம் மக்கள் அதிகம் பணம் இழக்கிறார்கள். கியர் விழும்போது ‘டக்’கென்று இடித்தால் அது இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்ததாகவும் இருக்கலாம். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் சக்கரத்தின் பேரிங்காக இருக்கலாம். வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தால், பேட்டரி தளர்ந்து கணினிக்குச் சரியான மின்சாரம் போகாததும் காரணமாகலாம். வேக சென்சார், அழுக்கேறிய திராட்டில், இன்ஜினின் மிஸ்ஃபயர், இவை எல்லாமே கியர்பாக்ஸ் நோய் மாதிரி வேடம் போடும். ஸ்கேன் கருவியில் பி0700 என்று வந்தவுடனே “கியர்பாக்ஸ் போச்சு” என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணின் பொருள், கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ ஒரு பிழை பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே. எந்தப் பிழை என்று அடுத்த எண்ணையும் படிக்க வேண்டும். அந்த எண்ணும் குற்றம் நடந்த இடத்தைத்தான் காட்டும், குற்றவாளியை அல்ல. ஆகவே பட்டறையில் ஒரு கேள்வியை உரக்கக் கேளுங்கள்: பெட்டியை இறக்கும் முன் வேறு எதையெல்லாம் சோதித்து விலக்கினீர்கள்? நல்ல போர்மேன் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். வரிசையாகச் சொல்வார். கோபப்படுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெள்ளம் வரும் ஊர். பல ஆட்டோ வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. கூலன்ட் வாங்கக் காசு எதற்கு என்று குழாய்த் தண்ணீரை ஊற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம். உள்ளே துருப் பிடிக்கிறது, ஒருநாள் சுவர் ஓட்டையாகிறது, தண்ணீர் கியர் எண்ணெயோடு கலக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் சிராப் பண்டோங் மாதிரி இளஞ்சிவப்பாக, பால் கலந்தது போல ஒன்று நிற்கும். அதைக் கண்டால் வண்டியை ஒரு மீட்டர்கூட நகர்த்தக் கூடாது. கிளட்சுத் தட்டின் மேற்பூச்சு காகித இழையால் ஆனது. அது தண்ணீரை உறிஞ்சும், பசை விட்டுப்போகும், பூச்சு உரிந்து வரும். வெள்ளமும் இதையே செய்கிறது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததை நாடே பார்த்தது. பெட்டி மூடியிருக்கிறதே, தண்ணீர் எப்படிப் போகும் என்று நினைக்காதீர்கள். சூட்டில் காற்று போய்வர அதற்கு ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. அதன் வழியாகவே தண்ணீர் இறங்கும். தண்ணீரில் நின்ற வண்டியை, “பார்ப்போம், ஸ்டார்ட் ஆகிறதா” என்று முடுக்காதீர்கள். முதலில் கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் நிறமாக வந்தால் அப்படியே நிறுத்தி அலசினால், நேரத்தைப் பொறுத்துப் பெட்டி பிழைக்க வாய்ப்பு உண்டு. முடுக்கி ஓட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் கைநழுவிப் போகும். வண்டியை இழுத்துப் போகும்போதும் கவனம் வேண்டும். முன்சக்கரம் உருட்டும் ஆட்டோ வண்டியை முன்சக்கரம் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய்ப் பம்பு ஓடும். பம்பு ஓடாமல் உள்ளே பாகங்கள் மட்டும் சுழன்றால் எண்ணெயின்றித் தேயும். முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது முழு வண்டியையும் ஏற்றும் லாரியைக் கேளுங்கள்.

பெட்டி போயே போய்விட்டது என்றால் பலர் நாடுவது ஹாஃப்கட் கடை. ஜப்பானிலிருந்து வெட்டி இறக்கிய முன்பாதியிலிருந்து கழற்றிய பெட்டி, விலை குறைவு. நான் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்; பல குடும்பங்களுக்கு அது ஒன்றே கைக்கெட்டிய வழி. ஆனால் ஹாஃப்கட் மாட்டிய சில வாரங்களிலேயே அதுவும் போய்விட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற புலம்பலைக் கேட்கிறோம். எப்போதும் கடைக்காரர் குற்றமா? பழைய பெட்டி உடைந்தபோது அதன் இரும்புப் பொடி எண்ணெயோடு போய்க் குளிர்விப்பான் குழாய்களில் தங்கிவிட்டது. புதுப் பெட்டியை மாட்டினார்கள், புது எண்ணெய் ஊற்றினார்கள், அந்தக் குழாயை யாரும் கழுவவில்லை. முதல் நாளே பழைய பொடி புதுப் பெட்டிக்குள் வந்துவிட்டது. குளிர்விப்பானை அலசுங்கள், முடிந்தால் மாற்றுங்கள். பெட்டி மாற்றும் ரசீதில் அந்த வேலை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டும் முறையில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பின்னால் எடுத்த வண்டி முழுதாக நின்ற பிறகே ‘டி’க்கு மாற்றுங்கள். மாடி நிறுத்துமிடத்தின் சரிவில் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு ‘பி’. இல்லையென்றால் வண்டியின் முழு எடையும் ஒரு சின்ன இரும்புப் பல்லில் தொங்கும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது ‘என்’னில் போட்டு உருட்டாதீர்கள், தாழ்ந்த கியரில் இறங்குங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமலே பலர் செய்கிறார்கள்: மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்துவது. வண்டி நிற்கிறது என்று நினைக்கிறோம். உள்ளே எண்ணெய் கொதிக்கிறது. இரட்டைக் கிளட்சு வண்டியாக இருந்தால் கிளட்சே நேரடியாக எரிகிறது.

இறுதியாக ஒரு கடுமையான மறுப்பு. “தயாரிப்பிலேயே கோளாறு இருந்தால் ஓட்டுபவர் என்ன செய்ய முடியும்? எல்லாப் பழியையும் எங்கள் தலையில் போடுகிறீர்களே!” இது நியாயமான கேள்வி. வோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது ஓட்டுநர் செய்த தவறுக்காக அல்ல. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்சுப் பெட்டி குலுங்குகிறது என்று புகார் சொன்ன வாடிக்கையாளர்களை அது நடத்திய விதத்துக்காக. பலரிடம், நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பராமரிப்பைப் பற்றிப் பேசும் யாரும் இந்த வழக்கை மறக்கக் கூடாது. நான் இங்கே சொன்ன எதையும் எடுத்து ஒரு விற்பனை நிறுவனம் உங்கள் வாயை அடைக்க நான் இடம் தரமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்: எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் வகையோடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். குலுங்கினால் அன்றே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உத்தரவாதம் முடியும் முன் புகாரை எழுத்தில் கொடுத்து, கையெழுத்திட்ட நகல் வாங்குங்கள். நீங்கள் பராமரித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கும்போது, ஓட்டிய முறைதான் காரணம் என்ற வாதம் எடுபடாது.

அதற்கும் நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளுக்காக 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை. நிறுவனமும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது. பிரச்சினை எழுந்த 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவோடு நீங்கள் வைக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.